வெற்றிலை போடாத வாயில் சிவப்பு

அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னைப்போல் வாய் சிவந்தவள் யாருமில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, யாழ்ப்பாணப் புகையிலை எல்லாம் சேர்த்து மென்றால் உதடே வெட்டிவேர்ப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி குளிரும். காலையில் செங்கல் தூளால் பல் தேய்ப்பேன். சூளையில் உடைந்து கிடக்கும் கல்லை இடித்துச் சலித்து வைத்துக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் அதற்கா பஞ்சம்! தேய்த்தால் நறநறவென்று இருக்க வேண்டும், அப்போதுதான் எனக்குத் திருப்தி.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். பிழைத்தது. விரதம் தொடங்கியதும் வெற்றிலையை நிறுத்தினேன். மறுநாள் காலை குழாயடியில் வாய் கொப்பளித்துத் துப்பினால், தண்ணீர் சிவப்பாகப் போகிறது.

வெற்றிலை இல்லை, பிறகு எங்கிருந்து சிவப்பு? மறுபடி துப்பினேன். மறுபடியும் ரத்தம்தான்.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரர் அப்படித்தான் ரத்தம் துப்பினார். சயரோகம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய பாய் தலையணையை வாசலில் போட்டுக் கொளுத்தியதை நானே பார்த்தேன். அவர் மனைவியைப் பிள்ளைகளோடு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். மடியில் பால் குடிக்கிற பிள்ளைக்கு அது ஒட்டிக்கொண்டால்?

அன்றிலிருந்து பிள்ளையைத் தொடுவதை விட்டேன். எச்சிலின் மேல் சாம்பலைப் போட்டு மூடினேன். பக்கத்து வீட்டு அக்காதான் பிள்ளைக்கு டின் பாலைக் கரைத்துப் புகட்டினாள். அது கதறும்போது என் மார்பில் பால் கட்டி வலிக்கும். சேலை நனைய அடுப்படியில் உட்கார்ந்து அழுவேன். என் வீட்டுக்காரர் கிள்ளான் ரயிலில் கரி அள்ளிப் போடுகிறவர். வீட்டுக்கு வந்தவர், நான் தனிப்பாயில் படுப்பதையும் பிள்ளையைத் தொடாததையும் பார்த்துவிட்டு, எல்லாம் விரதம் என்று எண்ணிக்கொண்டார். "சுத்தபத்தமா இருக்கே புள்ள, முருகன் கைவிட மாட்டான்" என்றாரே, அந்த மனிதரை என்ன செய்வது?

அக்கா மாதா கோவிலுக்குப் போகிறவள். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"புள்ளைக்கிப் பால் குடுக்காதேன்னு எந்தச் சாமிடி சொல்லுச்சி?"

அவ்வளவுதான், உடைந்துபோய்ச் சொல்லிவிட்டேன். அவள் ஓடிப்போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். "இருமுறியா நீ? நான் ஒரு நாளும் சத்தம் கேக்கலியே" என்றவள், பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே மருந்து கட்டி வைத்தியம் பார்க்கிற டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். முதுகில் குழலை வைத்துக் கேட்டார். மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்து விட்டேன். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சால் ஈறை அழுத்தினார். பஞ்சு சிவந்தது.

"நெஞ்சு சுத்தமா இருக்கு, பிள்ளை. ரத்தம் ஈறிலை இருந்து வருது. இது பயோரியா."

கொக்கி போன்ற ஒன்றால் பல்லின் அடியில் சுரண்டி, ஒரு துணுக்கை என் உள்ளங்கையில் வைத்தார். வெந்நீர்க் கெண்டிக்குள் படிந்திருக்கும் சுண்ணாம்புக் காறை மாதிரி இருந்தது.

"பல்லிலை படியிற ஊத்தைதான் இப்பிடிக் கல்லா இறுகி ஈறுக்குள்ளை இறங்குது. அதாலைதான் ஈறு வீங்கி, சீழ் பிடிச்சு, பல்லு ஆடுது. பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கை இன்னும் கூடியிருக்கும். செங்கல் தூளாலை தேய்ச்சு நீங்களும் புண்ணாக்கி வச்சிருக்கிறியள். வெத்திலைச் சிவப்பிலை இவ்வளவு நாளும் ரத்தம் தெரியேல்லை."

கல்லையெல்லாம் எடுக்க வேண்டும், ஆடுகிற இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டும், புகையிலையைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். பல் போனால் போகட்டும்! எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"புள்ளையத் தூக்கலாங்களா?"

"ஏன், தூக்காமலோ இருந்தனீங்கள்?"

திரும்பி அக்காவிடம் இரண்டு கையையும் நீட்டினேன். பிள்ளை என்னைப் பார்த்தது. பிறகு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குழாயடியில் ரத்தத்தைக் கண்டபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"கோவம்டி அதுக்கு. நில்லு, வரும்" என்றாள் அக்கா.

சுரண்டிய இடத்தில் ரத்தம் ஊறி வாயெல்லாம் உப்புக் கரித்தது. துப்பிவிட்டு வரலாம்தான். அந்த நேரத்தில் பிள்ளை திரும்பிப் பார்த்து, நான் அங்கே இல்லாவிட்டால்? அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, நீட்டிய கையோடு நின்றேன்.