அங்கீகாரம் வந்துச்சா மேடம்?

தொலைநிலைக் கல்வி மையம் நடத்துகிறவர்களுக்கும் கல்யாணத் தரகர்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நல்லபடியாக முடிந்தால் யாருக்கும் நம் ஞாபகம் வராது. நடுவில் நின்றுபோனால் நம் வாசலில்தான் வந்து நிற்பார்கள். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில், ஒரு உரக்கடை மாடியில், நான் இந்தப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் டியூஷன் சென்டரோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டோ நடத்தியவராக இருந்து, யாரோ எங்கோ எடுக்க வேண்டிய முடிவுக்காக போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் வாருங்கள். நாம் ஒரே ஜாதி.

விஷயம் இதுதான். எங்கள் பல்கலைக்கழகம் இப்படி வீட்டிலிருந்தே படிக்கும் படிப்புகளை நடத்த டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பெயர் அங்கீகாரம். பழைய அங்கீகாரம் காலாவதியாகிவிட்டது. புதியது 'பரிசீலனையில்' இருந்தது. அதுவரை சேருகிறவர்களுக்குத் தற்காலிகச் சேர்க்கைதான். அங்கீகாரம் வராவிட்டால் சேர்க்கை ரத்து, வருடம் வீண். அந்தப் பரிசீலனை நடந்த மாதங்களில் என் தலைமுடி எவ்வளவு கொட்டியது என்று சீப்பைக் கேட்டால் சொல்லும்.

பெயர்ப் பொருத்தம்

நைனார்பாளையத்திலிருந்து ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மரவள்ளிக் கிழங்கை லாரியில் ஏற்றிவிட்டு நேராக வந்திருந்ததால் சட்டையெல்லாம் செம்மண். அந்தப் பெண் பி.காம். சேர வேண்டும். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன்: அங்கீகாரம் இன்னும் வரவில்லை, அநேகமாக வந்துவிடும், வராவிட்டால் சேர்க்கை செல்லாது.

'அநேகமாக' என்ற வார்த்தையை நான் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது எல்லோர் காதிலும் விழுந்துவிடுகிறது. அவர் எழுந்து வெளியே போய், மாடிப்படிக்கு மேலே மாட்டியிருந்த எங்கள் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்பி வந்து, உட்காராமலே, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "பேர்லயே தொலைநிலைன்னு வெச்சுக்கினு, தொலையாதுன்னு நான் எப்படிங்க நம்பறது?"

சனிக்கிழமை மேரி

அவராவது மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகாதவள் ஆரோக்கியமேரி. சொந்த ஊர் திருநாவலூர் பக்கம். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் உள்ள ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. அங்கிருக்கும் வார்டன் இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு பெறுகிறார். மேரிக்கு அந்த வேலையைத் தர நிர்வாகத்துக்குச் சம்மதம். ஆனால் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. இந்த வருடம் சேர்ந்தால் கணக்கு சரியாக வரும். அடுத்த வருடம் சேர்ந்தால், பட்டம் வரும்போது வயது போயிருக்கும். அவளுக்கு இருந்தது இந்த ஒரு வருடம்தான்.

வரலாறு எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம், பி.ஏ. தமிழ்தான் வேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் பயப்படாமல் உட்கார்ந்த ஒரே வகுப்பு தமிழ் வகுப்பாம். வருடங்களை மனப்பாடம் செய்யச் சொன்னாலே மட்டம் போட்டுவிடுவாளாம். சரி, தமிழ் என்று எழுதினேன்.

சனிக்கிழமைதோறும் விடுதிக்குக் காய்கறி வாங்க மலையிலிருந்து இறங்குவாள். மூட்டையை உரக்கடையில் வைத்துவிட்டு மாடியேறி வருவாள். "அங்கீகாரம் வந்துச்சா மேடம்?" என்பாள். "வந்துடும் மேரி" என்பேன். இது பல சனிக்கிழமைகள் நடந்தது. படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே ஏதோ ஃபைலைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன். பாத்ரூமில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். ஒரு வாரம் அவள் கேள்வியே கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "வரலன்னா வரலன்னே சொல்லுங்க மேடம், தாங்கிக்குவேன். வந்துடும் வந்துடும்னு சொல்றீங்க பாருங்க, அதான் தூங்க முடியல."

ஏ பிளஸ்

அங்கீகாரம் வேண்டுமானால் பல்கலைக்கழகத்துக்கு முதலில் நல்ல மதிப்பெண் வேண்டும். ஒரு குழு வந்து கட்டடம், புத்தகம், ஆசிரியர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு கிரேடு போடும். எங்களுக்கு ஏ பிளஸ் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைப் பார்த்தாவது நாலு பேர் தைரியமாக மாடியேறட்டும் என்று சார்ட் வாங்கி எழுதி, கீழே படியோரம் ஒட்டச் சொன்னேன். எங்கள் ஆபீஸில் போன் எடுப்பது, போர்டு எழுதுவது எல்லாம் ஞானசேகர் அண்ணன்தான். பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் இடம் பார்த்து எழுத வராது. 'ஏ பிளஸ்' என்று சார்ட் முழுக்க எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்தின் பெயரை அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆட்டோ டிரைவர் மூச்சிரைக்க மாடியேறி வந்து, சட்டைக் கையை மடித்து நீட்டினார். அவரும் ஏ பிளஸ்ஸாம், எந்த ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், வண்டி கீழேயே நிற்கிறது என்றார். ரத்தமெல்லாம் வேண்டாம், இது பல்கலைக்கழகத்தின் கிரேடு, இதை வைத்துத்தான் டெல்லியில் முடிவு செய்வார்கள் என்று விளக்கினேன். அவர் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டார்: "அது கெடக்கட்டும் மேடம், பேஷண்டு பொழைக்குமா பொழைக்காதா?"

ஊர் எங்கே இருக்கிறது

கிரேடு வந்த பிறகு மையங்களின் பட்டியலைச் சரிபார்த்தார்கள். பட்டியலில் இல்லாத மையத்தின் மாணவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். எங்கள் மையம் அவர்களுடைய பழைய பதிவில் விழுப்புரம் மாவட்டம் என்று இருக்கிறது, நான் அனுப்பிய விவரத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று இருக்கிறது, அனுமதி இல்லாமல் மையத்தை எப்போது இடம் மாற்றினீர்கள் என்று கேட்டார்.

நான் இடம் மாறவில்லை ஐயா, மாவட்டம்தான் மாறியது என்றேன். நாங்கள் அதே உரக்கடை மாடியில்தான் இருக்கிறோம், எங்களைச் சுற்றி மாவட்டத்தைப் பிரித்துவிட்டார்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாவட்டம் பிரிந்ததற்கு ஆதாரம் அனுப்பச் சொன்னார். எனக்குக் கண்ணில் மேரியின் செருப்புதான் தெரிந்தது. அரசாணையைத் தேடி நகல் எடுக்க ஆள் அனுப்பினேன். அதுவரை சும்மா இருக்கப் பயந்து, வெயிலில் ஓடிப்போய், கலெக்டர் ஆபீஸ் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "போட்டோ நல்லா இருக்குது மேடம், ஆனா அதுல சீல் இல்லியே."

நீங்கலாக

அரசாணை நகலும் போய்ச் சேர்ந்து, எங்கள் ஊர் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று அவர்களும் ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு திங்கட்கிழமை முடிவு வந்தது. அன்று பார்த்து நான் திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். சுற்றறிக்கையைத் திறந்தது ஞானசேகர் அண்ணன். கண்டக்டர் குரலில் அதைப் படித்து, மாணவர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்: "தமிழ், பொருளியல், நீங்களாக, ஏனைய எல்லாப் பாடத்துக்கும் அங்கீகாரம் வந்துடுச்சு. எல்லாருக்கும் வாழ்த்துகள்." பந்தியில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டேன். பல மாதம் கழித்து அன்றுதான் பாயசத்தை ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் ஆபீஸ் வந்து சுற்றறிக்கையை என் கண்ணால் படித்தேன். 'தமிழ், பொருளியல் நீங்கலாக, ஏனைய இளநிலைப் பாடப்பிரிவுகளுக்கு' என்று இருந்தது. அந்த இரண்டு பாடத்துக்கும் போதுமான ஆசிரியர்கள் இல்லையாம். அவற்றில் சேர்ந்தவர்கள் வேறு பாடத்துக்கு மாற விரும்பினால், அன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தவறினால் சேர்க்கை ரத்து. அண்ணே, தமிழைத் தவிர மற்றதுக்குத்தான் வந்திருக்கிறது, இதை எப்படி இப்படிப் படித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். முகம் சுருங்கிவிட்டது. "நீங்களாகன்னா நம்மளத்தானே மேடம் சொல்றாங்கன்னு நெனச்சுக்கினேன்?"

கேசரி

பொருளியலில் சேர்ந்தவர்கள் எல்லோரும் டவுனில் இருந்தார்கள். அண்ணனே ஓடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார். தமிழில் சேர்ந்தது மேரி மட்டும். அவள் போன் எடுக்கவில்லை. விடுதிக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறினால்தான் அங்கே சிக்னல். முதல்நாள் அதில் ஏறி அண்ணன் குரலைக் கேட்டிருக்கிறாள் என்று வாட்ஸ்அப் குழுவைப் பார்த்ததில் தெரிந்தது. நான் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தேன். கோமுகி அணை தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. எப்படி ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் யோசித்தேன். அடுத்த வளைவில் அது மறந்துபோயிற்று.

விடுதிச் சமையல்கட்டில் அவள் பெரிய வாணலியை வழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு தட்டில் கேசரியை வைத்துக் கையில் கொடுத்துவிட்டாள். "சாப்புடுங்க மேடம். உங்க அங்கீகாரம்தான்." வாசலில் நின்ற பிள்ளைகள் அவளை 'வார்டன் அம்மா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். வேறு எப்படியும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "தமிழுக்கு வாத்தியார் இல்லியா?" என்று மெதுவாகக் கேட்டாள். என்னைக் கேட்டதுபோலத் தெரியவில்லை. பிறகு, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டாள். வரலாறு இருக்கிறது, வார்டன் வேலைக்கு அதுவும் செல்லும் என்றேன். வருடமெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்றாள். ஆமாம் என்றேன். இல்லை என்று பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

மாவு ஒட்டிய அடுப்பு மேடையைத் துடைத்து, காகிதத்தை அதன்மேல் வைத்தேன். பேனாவை வாங்கிக்கொண்டாள். வெளியே மறுபடியும் யாரோ 'வார்டன் அம்மா' என்றது கேட்டது. கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "கேசரி போட்டுட்டேன் மேடம், தின்ன வாயிலேருந்து இன்னா திருப்பியா வாங்க முடியும்? வரலாறுன்னே எழுதிக்கோங்க."

விடுதி மேட்டில் ஏறி நின்று, மாலைக்குள் அதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். ஆக, இந்தத் தொழிலில் பரீட்சை எழுதுவது பல்கலைக்கழகம், பேப்பர் திருத்துவது டெல்லி, பாடத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது மட்டும் மேரி.