ஃபரங்கீஸ் சொன்ன கோல்

ஈரானின் தப்ரீஸ் நகரில் கால்பந்து வர்ணனைக்குப் பெண்ணை நம்பி எவனும் மைக்கைக் கொடுக்க மாட்டான். கொடுக்காவிட்டால் போங்கடா என்று, கணக்கு டீச்சர் ஃபரங்கீஸ் தன் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தடை செய்யப்பட்ட செயலி ஒன்றில் நேரலையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நல்ல கணீர்த் தொண்டை. ஊர்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் கேட்டார்கள்.

ஆனால் தடையைத் தாண்ட வி.பி.என். வேண்டும், அது வீட்டு இணையத்தை நொண்டியாக்கியது. இவள் "பந்தோடு ஓடுகிறார்" என்னும்போதே, கீழ்வீட்டு ஹூஷங் தன் போனில் பார்த்து "கோல்" என்று கத்திவிடுவார். அந்தச் சத்தம் மைக்கில் விழும்.

"ஃபரங்கீஸ் அம்மா, நேத்து நடந்த மேட்ச்சா சொல்றீங்க?" என்று எழுதிவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"மானம் போகுது. விட்டுத் தொலையேன்," என்றான் கணவன் இஸ்ஃபந்தியார், சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி.

"போறது என் மானம்தானே? நீங்க கொறிங்க."

அழாமல் உட்கார்ந்து யோசித்தாள். இவள் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வது ஓர் உள்நாட்டுத் தளத்தில்; ஹூஷங் பார்ப்பதும் அதே தளம்தான்; அவருக்கு வி.பி.என். கிடையாது. அந்தத் தளத்துக்குத் தடையும் கிடையாது! ஆனால் இந்த ஊரில் வி.பி.என்.னை யார் அணைக்கிறார்கள்? போட்டது போட்டபடி ஓடும். உள்ளூர் மைதானத்து ஆட்டம் அமெரிக்கா போய், அங்கே பூட்டுப் போட்ட பெட்டிக்குள் ஏறி, இவள் அடுப்பங்கரைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கணக்கு டீச்சராம், என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

படத்தை வி.பி.என்.னுக்கு வெளியே நேராக வரவிட்டாள். குரல் மட்டும் உள்ளே போனால் போதும். அதற்கும் அமெரிக்கா எதற்கு? பக்கத்து நாட்டில் இருக்கும் எரெவான் நகரத்து சர்வருக்கு மாற்றினாள். வைஃபையை நம்பாமல் மோடத்திலிருந்து கேபிளைக் கூடத்தின் குறுக்கே இழுத்துச் சொருகினாள். இஸ்ஃபந்தியார் தடுக்கி விழப் பார்த்தான்.

"இது வீடா, டெலிபோன் ஆபீஸா?"

"காலைத் தூக்கி வெச்சு நடங்க."

அடுத்த ஆட்டத்தில் அவள் "கோல்" என்றபோதுதான் ஹூஷங்கும் கத்தினார். போனவர்கள் திரும்பி வந்தார்கள். கூடவே முகம் தெரியாத ஒருவன் எழுதினான்: 'பொம்பளை நீ, யார் குடுத்தா அனுமதி?'

"படிக்காதே, அணைச்சுடு," என்று கணவன் கிசுகிசுத்தான். அவனுக்கு உண்மையாகவே பயம். அவளுக்கும்தான். மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அனுமதி யார் குடுத்தான்னு ஒருத்தர் கேக்கறார். யாரும் குடுக்கலை. பந்து இப்போ நம்ம பசங்ககிட்ட."