மாதா அழாத வருஷம்

எங்கள் ஊர்ப் பெரிய வெள்ளி நாடகத்தில் அப்பாவின் அக்காதான் எப்போதும் மாதா. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் அத்தையைப் போல் அழ ஆள் கிடையாது என்று பேர். சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரியை எடுத்தால், பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு வருஷம் ஒப்பாரி நீண்டது. அத்தைக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாருக்கு மட்டும் பொறுக்காது. "வேதத்துல மாதா சிலுவைகிட்ட நின்னாகன்னுதான் இருக்கு. ஒரு வார்த்தை பேசலை. தன்னைத் தாழ்த்துன தாயி அவுக. நீங்க என்னடான்னா இந்தக் கத்து கத்துறீக" என்பார்.

"பெத்தவ கத்தாம இருப்பாளா? எழுதுனவரு ஆம்பளை, விட்டுட்டாரு" என்று அத்தை அவர் வாயை அடைத்துவிடுவாள்.

எனக்கு எட்டு வயதான வருஷம், மாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சிறுமி வேஷம் கிடைத்தது. இயேசு எங்கள் அண்ணன்; திருத்தங்கல் அச்சாபீஸில் வேலை பார்த்தான். அதற்கு ஒரு மாதம் முன்புதான் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் ஒரே மகன் பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் இறந்திருந்தார். பெரியம்மா அதன் பிறகு வாசலுக்கே வரவில்லை.

பொழுது சாயும் நேரம். நீல முக்காடு முகத்தை மறைக்க, மாதா என் பக்கத்தில் வந்து நின்றாள். கையைப் பிடித்தேன். அத்தையின் கை சதைப்பற்றாக, வெதுவெதுப்பாக இருக்கும். இது எலும்பாக, ஜில்லென்று இருந்தது. பயந்துபோய்க் கூட்டத்தைப் பார்த்தேன். முன்னால், வெறுந்தரையில், அத்தை உட்கார்ந்திருந்தாள்.

கையை உருவிக்கொண்டு அவளிடம் ஓடினேன். "அத்தை, அங்கன நிக்கிறது யாரு?"

"ஒங்க எதுத்த வீட்டுப் பெரியம்மாதான். நேத்து வந்து முக்காட்டைக் கேட்டா. நிக்கட்டும்டி, அது அவ எடம். நான் இம்புட்டு வருசமா சும்மா கத்திக்கிட்டு இருந்திருக்கேன்" என்று சொல்லி என்னைத் திரும்ப அனுப்பினாள். அத்தையிடம் பழைய மிடுக்கு இல்லை.

அண்ணனை இறக்கி மடியில் கிடத்தினார்கள். பெரியம்மா அழவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து கை மட்டும் வந்து அண்ணனின் புருவத்தைத் தடவியது. பிறகு மூக்கை, காதை, உதட்டை. கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணியது. குனிந்து கால்விரல்களையும் எண்ணியது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. அண்ணன் மூச்சு விடுகிறானா என்றே தெரியவில்லை. நிஜமாகவே செத்துவிட்டான் என்று நினைத்துவிட்டேன். ஜெபம் சொல்ல எழுந்த உபதேசியார் திரும்ப உட்கார்ந்துகொண்டார். அண்ணனைத் தூக்க வந்தவர்கள் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டார்கள்.

கடைசியில், "எல்லாம் இருக்குய்யா" என்றார் பெரியம்மா. அண்ணனை மெல்லத் தரையில் இறக்கிவிட்டு, எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் நான் தம்பியை மடியில் போட்டு விரல் எண்ணி விளையாடினேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அடிக்கப்போகிறாள் என்று பார்த்தால், அழுதாள். பெரியம்மாவின் மகனை ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றிக் கொடுத்து, பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.