வாசலில் நின்ற ஐந்து பேர்

வீட்டிலேயே பாடத்தை வீடியோவில் பார்த்துவிட்டு வந்தால் வகுப்பில் கணக்குப் போடலாம் என்று, என் ஒன்பதாம் வகுப்புக்கு வெப்சைட் தொடங்கினேன். யார் பார்த்தார்கள் என்று அதுவே காட்டிவிடும். திருமழிசையிலிருந்து வரும் நான்கு மாணவிகளின் பெயர் மட்டும் ஒருநாளும் வரவில்லை. "பார்த்தோம் மிஸ்" என்றார்கள். "பொய் வேறயா?" என்று கத்தி, வாசலில் நிறுத்தினேன்.

முதல் பெஞ்சு தேவி விருட்டென்று எழுந்து அவர்களோடு போய் நின்றாள்.

"உன் பேர்தான் வந்திருக்கே, நீ ஏன் போற?"

"எங்க அஞ்சு பேருக்கும் எங்கம்மா போன்தான் மிஸ். ஒண்ணா குந்திகினு பாக்குறோம். என் பேர்ல தொறந்தா இவங்க பேரு எப்டி வரும்? ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அப்போதும் நம்பாமல், வீடியோவில் வந்த மாதிரி ஒரு கணக்கைப் பலகையில் எழுதி, யார் போடுவீர்கள் என்று கேட்டேன். உள்ளே ஒரு கையும் உயரவில்லை. வாசலில் ஐந்தும் உயர்ந்தன.

அப்போதும் சோதித்தேனே, அதற்குத்தான் இன்னும் என் மேல் எனக்கே ஆத்திரம் அடங்கவில்லை.