பாலாற்றங்கரைக் காலனியில் ஓர் அந்தி

1971 ஆடி மாதம். சென்னையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தேன். காஞ்சிபுரம் செவிலிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் நெசவாளர் தெருப் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள், காலனிப் பிள்ளைகள் மட்டும் வருடா வருடம் தவறுகிறார்கள், ஏன் என்று பார்த்துவர அனுப்பினார்கள். கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. கிராமங்களுக்கு ஆய்வுக்குப் போகிறவர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குப் பஸ் ஏறி ஒன்பதேகாலுக்குக் காஞ்சிபுரத்தில் இறங்கினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை ரூபாய். அங்கிருந்து குதிரை பூட்டிய ஜட்காவில் நான்கு கிலோமீட்டர், ஒரு ரூபாய்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். காலனிப் பிள்ளைகள் வகுப்பில் அடக்கமாகத்தான் இருப்பார்களாம், வீட்டுப்பாடம்தான் எழுதுவதே இல்லையாம். "அது பொறப்பும்மா. ரெண்டு தெருவையும் ஒப்பிட்டு எழுதாதீங்க, சண்டைதான் வரும்" என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் எழுதாமல் விட்டால் 'பிறப்பு' என்பதே பதிலாக நின்றுவிடும். இரண்டு தெருவையும் பெயர் சொல்லித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் காலனிக்குப் போகலாம் என்றதும் ஜட்காக்காரர் காதர் பாய் தயங்கினார்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல அங்க நிக்காதீங்கம்மா. பசங்க நம்மளயே பாத்துக்கினு இருக்கும். ஆனா பாக்காது."

தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். நான் நடந்தேன். ஆறேமுக்கால் மணி. பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, அதட்டவில்லை, சத்தம் தானாகக் குறைந்தது. ஒவ்வொருவராக நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். சிலர் சுவரைத் தடவிக்கொண்டே நகர்ந்தார்கள். என் நோட்டில் எழுதியதைப் படிக்கும் அளவுக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி, விழித்த கண்ணோடு நேராக என்னை நோக்கி வந்தாள். நிற்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளங்கை என் வாயில் வந்து பட்டது. மூக்கு, கன்னம் என்று தடவினாள்.

"யாரு?"

அவள் அம்மா குப்பு வந்து கையைப் பிடித்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை.

"சாயங்காலம் ஆச்சின்னா எல்லாப் பசங்களும் இப்டித்தானேம்மா?"

மறுநாள் ஒரு டாக்டரை அழைத்துவந்தேன். மாலைக்கண், சத்துக்குறைவால் வருவது என்றார். நெசவாளர் வீடுகளில் பால் வாங்கினார்கள். இங்கே கூழும் மிளகாயும்தான். பால், முட்டை, கீரை எதுவும் பிள்ளைகள் வாய்க்கு எட்டவில்லை. இருட்டியபின் புத்தகமே தெரியாத பிள்ளைகள் எப்படி வீட்டுப்பாடம் எழுதுவார்கள்?

மூன்று வாரம் சொட்டு மருந்து கொடுத்தார். குப்புவின் மகள் விளக்கு வைத்தபின்னும் ஓடினாள். அவள் அண்ணன் வேலுவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. "எனக்கும் சொட்டு ஊத்துவீங்களா?" என்று கேட்டான். வெள்ளை படர்ந்த கண்ணுக்கு இனி மருந்து இல்லை என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

அறிக்கையில் இரண்டு தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். சண்டை வரவில்லை. தலைமையாசிரியர் முழுதும் படித்துவிட்டு, வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே பகலில் முடிக்க வைத்தார். அந்த வருடம் காலனியில் சிலர் தேறினார்கள், சிலர் தவறினார்கள். மீதிக் காரணம் எனக்குத் தெரியவில்லை என்றும் எழுதினேன்.

போகிறவர்களுக்கு ஒன்று. பிள்ளைக்குக் கண் தெரிகிறதா என்று கேட்காதீர்கள், தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். பொழுது சாய்ந்ததும் பிள்ளை என்ன செய்கிறது என்று கேளுங்கள்.