வைக்கோலை நம்பாத பஷீர் பாய்

பாண்டி பஜாரில் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன். "பஷீர் பாய் காலைல போயிட்டாரு சார்." நான் நம்பவில்லை. "யார் சொன்னது? நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன். இருபது வருடம், எதற்கும் இப்படியே கேட்கும் பாயின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் வாயில் வேறென்ன வரும்?

தொழில் திட்டங்களைப் பரிசீலிக்கும் நம் அடையாறு அலுவலகத்தில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. உமி, கரும்புச் சக்கை, தேங்காய் மட்டை என்று மாதிரிக்கு எந்த மூட்டை வந்தாலும் மேலாகப் பார்த்து விடமாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து எடுப்பார். ஈரமும் மண்ணும் வரும். "எடை ஏத்திக்கீறான் பாரு" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வைக்கோலை அழுத்தி, கொதிகலன்களுக்கு எரிகட்டியாக விற்கும் திட்டத்துக்கு அறிக்கை தயாரித்தது நான். மூலப்பொருள் விலை என்ற இடத்தில் 'கழிவு, இலவசம்' என்று எழுதியிருந்தேன்.

"கழிவுன்னு யாரு நைனா சொன்னது? இத்த இப்போ யாரு வாங்கிக்கினு கீறாங்க?"

கேட்டதோடு விடவில்லை. மந்தைவெளியில் மாடு வைத்திருந்த கன்னியம்மாளைப் பரிசீலனைக் குழுவின் கூட்டத்துக்கே அழைத்து வந்துவிட்டார். "வைக்கலெல்லாம் நீங்கோ வாரிக்கினு பூட்டா எம்மாடு இன்னா துன்னும்?" என்று அந்த அம்மாள் கேட்டார். திட்டம் நின்றது.

என் பதவி உயர்வு அதை நம்பித்தான் இருந்தது. போட்டிக் கம்பெனி பாயை நன்றாகக் கவனித்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். சில நாளில், அவர் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டதாக மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. அவரைக் குழுவிலிருந்து எடுத்தார்கள். திட்டம் நிறைவேறியது. மந்தைவெளிப் பக்கம் வைக்கோல் லாரி வருவது குறைந்தது, விலை ஏறியது, கன்னியம்மாள் மாடுகளை விற்றார். எரிகட்டிக் கம்பெனியும் அந்த விலைக்கு வாங்க முடியாமல் திணறியது.

குழுவிலிருந்து எடுத்த அன்று, கடுதாசியின் நகலோடு பாய் நேரே என்னிடம்தான் வந்தார். "யாரா இருக்கும்? உன்ன உட்டா நான் யாரக் கேப்பேன்?"

"தெரியலை பாய்" என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இரண்டு டீ சொன்னார்.

எழுதியது யாரென்று அலுவலகத்தில் நீங்கள் ஆளுக்கொருவரைச் சந்தேகித்தீர்கள். கணக்குப் பிரிவு முருகேசனோடு இன்றும் சிலர் பேசுவதில்லை. முருகேசனை விட்டுவிடுங்கள். அந்தக் கடுதாசியை எழுதியவன் நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாரையும் நம்பாத மனிதர் என்னை நம்பினார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்தவரை அதை இழக்க எனக்குத் துணிவு வரவில்லை.