பதினைந்து மாட்டுக்கு ஒரு ஓட்டு

போன மாதம் வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு பால் சங்கத்தின் பொதுக்குழுவுக்குப் போயிருந்தேன். அழைத்தவர் சங்கத்தின் செக்ரட்டரி சாந்தாமணி. இந்தப் பத்தியின் வாசகி. “எலெக்‌ஷன் எலெக்‌ஷன்னு எழுதறீங்களே... எங்க எலெக்‌ஷனையும் வந்து பாருங்க” என்று போனிலேயே ஒரு குட்டு வைத்தார்.

விஷயம் இதுதான். பால் எடுக்கும் வண்டி மெயின் ரோட்டோடு நின்றுவிடுகிறது. காலனியில் இருக்கும் மரகதம் ஒற்றை மாட்டை நம்பிப் பிழைப்பவர். முழங்கால் வலியோடு கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். அடிக்கடி வண்டியைத் தவறவிடுகிறார், பால் திரிந்துபோகிறது. வண்டி காலனிக்கு வராவிட்டால் மாட்டை விற்றுவிட வேண்டிய நிலைமை. வண்டி காலனி வரை வர வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் வந்தது.

எதிர்த்தவர் யார் தெரியுமா? காலனி ஓட்டில் ஜெயித்த புது வார்டு மெம்பர்! பதினைந்து மாடு, மெயின் ரோட்டில் வீடு. வண்டி காலனி போய் வந்தால் அவருக்கு அரை மணி தாமதமாம். பேசி முடித்து, எதிர்ப்பவர்கள் கை தூக்கும்போது முதல் ஆளாகக் கையையும் தூக்கினார்.

“கைய எறக்குங்ண்ணா” என்றார் சாந்தாமணி. “பால் ஊத்தறவங்களுக்குத்தானுங்க இங்க ஓட்டு. உங்க ஊட்ல கறந்து ஊத்தறது தெய்வானையக்கா. மெம்பர்ஷிப்பும் அவங்க பேர்லதான் இருக்குது.”

மெம்பர் அசடு வழிய மனைவியைப் பார்த்தார். தெய்வானை ஏற்கெனவே காலனிக்காகக் கை தூக்கியிருந்தார்!

“ஏனுங்க, பஞ்சாயத்துக்கு உங்களுக்குத்தான போட்டேன்? அதுக்காவ மரகதம் நொண்டிக்கிட்டே நடக்கோணுமா? கேனை வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் நிக்கப்போறது நானு... நீங்களா?”

எண்ணினார்கள். ஒரே ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பார்க்க வந்த நானும் கை தட்டிவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

விரலில் மை வைத்ததோடு நம் ஜனநாயகம் முடிந்துவிடுகிறது. அதன்பின் நம் பிழைப்பைப் பற்றி யாரோ எங்கோ முடிவு செய்கிறார்கள்... நாம் டிவியில் பார்க்கிறோம். இந்தச் சங்கத்தில் கறக்கிற கைதான் முடிவும் செய்கிறது. பதினைந்து மாட்டுக்கும் ஒரு ஓட்டு, ஒற்றை மாட்டுக்கும் ஒரு ஓட்டு. மை வைக்கும் ஓட்டு வேண்டாம் என்று யார் சொன்னது? அதோடு இதுவும் வேண்டும் என்கிறேன்.

நேற்று சாந்தாமணி போன் செய்தார். வண்டி இப்போது காலனி வரை போகிறது. மரகதத்தின் மாடு மரகதத்திடமே இருக்கிறது. மெம்பர்தான் சந்தைக்குப் போய்த் தன் பேரில் ஒரு மாடு வாங்கியிருக்கிறாராம்... அடுத்த பொதுக்குழுவில் ஓட்டு வேண்டுமே! தெய்வானை கறக்கச் சொல்லிக்கொடுக்கிறார்.

முதல் உதை வாங்கியாகிவிட்டது — மாட்டிடம்தான்!